அறுபத்தொரு கார்டு

உட்காருங்கள் சார், நல்லா சாய்ந்து உட்காருங்கள். அந்த ஆள் எழுந்து பின்னால் போனது அவராகத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சாரல் அடிக்கிறது, ஜன்னலை மூடுங்கள் என்றேன். இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னேன். மூன்றாவது தடவை அவர் சட்டைக் காலரில் என் கை இருந்தது வாஸ்தவம். பஸ் குலுங்கும்போது எதையாவது பிடிக்கத்தானே செய்வோம்.

சாத்தூரா? நானும் சாத்தூர்தான். மழைக்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆக்கிவிடுவான். என் பெயர் கொம்பையா. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் போர்மேன், இருபத்திரண்டு வருஷமாக. நீங்களே யோசித்துப் பாருங்கள், ஒரு கோபக்காரனால் இருபத்திரண்டு வருஷம் தீக்குச்சி மருந்துக்குப் பக்கத்தில் நிற்க முடியுமா? இதை நான் சொல்லாத இடமில்லை. ஒருத்தனும் காதில் வாங்க மாட்டேன் என்கிறான்.

பை நீளமாக இருக்கிறதே என்று பார்க்கிறீர்கள். ஹாக்கி ஸ்டிக்தான். முழங்கால் தேய்ந்துவிட்டது, நடக்கும்போது ஊன்றிக்கொள்ள. பழக்கம், விட முடியவில்லை.

எங்கள் ஊரில் ஹாக்கி தெரியாதவன் கிடையாது சார். நான் லெஃப்ட் பேக். என்னைத் தாண்டி கோலுக்கு முன்னால் இருக்கிற 'டி' வட்டத்துக்குள் போனவன் சொந்தக் காலில் திரும்பியதில்லை என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள். நாற்பது தாண்டியதும் எல்லாருக்கும் கால் போயிற்று. மைதானத்துக்குப் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வருவோம். அப்போதுதான் எபனேசர் இந்த லீக்கைக் கொண்டுவந்தான். மைதானத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன். எங்களோடு ஆடினவன் இல்லை, ஸ்கோர் எழுதினவன்.

ஆட்டம் முழுக்கக் கம்ப்யூட்டருக்குள். பந்து கிடையாது, புல் கிடையாது, வேர்வை கிடையாது. ஆட்கள் மட்டும் நாங்கள். எங்கள் பெயரையும் எங்கள் நம்பரையும் அதற்குள் போட்டுவிட்டால் அதுவே ஆடிக்கொள்ளும். ஆறு கிளப், ஒவ்வொரு கிளப்புக்கும் நாற்பது மேட்ச். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எபனேசர் ஒரு பட்டனைத் தட்டுவான், கிளப்புக்கு நாலு மேட்ச் ஓடும், எத்தனையாவது நிமிஷத்தில் யார் என்ன செய்தான் என்று தாள் வந்து விழும். அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவான். டீ குடிக்கிறவன், பால் வாங்கப் போகிறவன், எவனும் நின்று படித்துவிட்டுத்தான் போவான். பத்து ஞாயிற்றுக்கிழமை ஒரு சீசன்.

நம்பர் எப்படிப் போடுவது? அங்கேதான் வினை. யாருக்கு யார் நம்பர் போட்டாலும் மனஸ்தாபம் வரும் என்று எபனேசர் ஒரு முறை வைத்தான். யாருக்கு நம்பர் போடுகிறோமோ அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். மற்றவர்கள் சத்தமில்லாமல் விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். பத்து விரல் இருக்கிறது, பத்துக்குள் நம்பர். எபனேசர் மொத்தத்தை எண்ணி, ஆள் கணக்குக்கு வகுத்து, எழுதிக்கொள்வான். யார் எத்தனை தூக்கினார்கள் என்று சுவரைப் பார்க்கிறவனுக்குத் தெரியாது. தெரியாததால் சண்டை வராது. அப்படித்தான் சொன்னான்.

எங்கள் கிளப்பில் பழைய ஆள் நாலு பேர். நான், கோல் கீப்பர் பால்வண்ணன், சென்டர் ஃபார்வேர்ட் குருவையா, ஹாஃப் ஆடின சேர்மக்கனி. பொங்கல் கழிந்த வாரம் என் வீட்டில்தான் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரி செண்பகம் டீ போட்டாள். அவளுக்கு வலது கை மோதிர விரலில் கட்டு. அடுப்படிக் கதவு பட்டுவிட்டது. கதவை நான்தான் சாத்தினேன், அவள் கை அங்கே இருக்கிறது என்று எனக்கென்ன தெரியும். இதை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் இந்த விரல் வரும்.

என் முறை. சுவரைப் பார்த்து நின்றேன், காலண்டருக்கு நேரே. வேகம், நாலு. சரி. தடுப்பு, ஒன்பது. சரி. அடுத்தது சூடு. சூடு என்றால், எதிராளி பந்தைப் பறித்துக்கொண்டு போனால் இவன் பந்தை விரட்டுவானா ஆளை விரட்டுவானா என்கிற நம்பர். சேர்மக்கனிக்கு அதில் இரண்டு போட்டிருந்தோம், பால்வண்ணனுக்கு மூன்று. நான் எனக்கு நாலு வரும், மிஞ்சிப் போனால் ஐந்து வரும் என்று நின்றேன். பின்னால் சத்தமே இல்லை. டம்ளர் தட்டைக் கீழே வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் எபனேசர் தொண்டையைச் செருமினான்.

"முப்பது. மூணால வகுத்தா பத்து."

நான் திரும்பினேன். ஒருத்தன் கையும் மேலே இல்லை. இருந்தவர்கள் டீ குடிக்கிறார்கள். செண்பகம் தட்டோடு உள்ளே போகிறாள். நான் சிரித்தேன் சார். நம்ப மாட்டீர்கள், சிரித்தேன். எவனோ ஒருத்தன் விளையாட்டுக்குப் பத்து தூக்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

சீசன் ஆரம்பித்தது. முதல் மேட்ச்சிலேயே பன்னிரண்டாவது நிமிஷம் கொம்பையா பச்சைக் கார்டு, அதாவது எச்சரிக்கை. முப்பத்தோராவது நிமிஷம் கொம்பையா மஞ்சள் கார்டு. நாற்பத்தெட்டாவது நிமிஷம் கொம்பையா சிவப்புக் கார்டு, எதிராளி தாடை உடைந்து வெளியேறினார். தாளில் அப்படியே இருக்கிறது. நான் அந்த நேரம் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் சார். ஒரு சிவப்புக்கு ஒரு மேட்ச் வெளியே. வெளியே இருந்துவிட்டு வருவேன், வந்த ஒன்றிரண்டு மேட்ச்சுக்குள் மறுபடியும் பச்சை, மஞ்சள், சிவப்பு. மூன்றாவது வாரம் ஒருத்தன் விலா, ஐந்தாவது வாரம் ஒருத்தன் முழங்கை. தாடை உடைந்த ஆள் எங்கள் ஊரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். நேரில் போய், அண்ணாச்சி, அது நான் இல்லை, கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். அவர் சிரித்துக்கொண்டே, "பரவால்ல வே, அசல்ல நீரு அடிச்சதுக்கு இது பூ மாதிரிலா இருக்கு" என்றார். போகும்போது பெயிண்ட் டப்பா ஒன்று அவர் மேலே சரிந்துவிட்டது. இருபது லிட்டர் டப்பா. நான் அந்த அலமாரியில் சாய்ந்திருக்கக் கூடாதுதான்.

பத்தாவது ஞாயிறு முடிந்ததும் எபனேசர் பெரிய தாள் ஒன்று ஒட்டினான். தலைப்பு, முறியடிக்க முடியாத சாதனைகள். எங்கள் கிளப் பெயர் அதில் நாலு தடவை. குருவையா, ஒரே சீசனில் ஷார்ட் கார்னரில் மட்டும் தொண்ணூற்று நாலு கோல். பால்வண்ணன், தொடர்ந்து பதிமூன்று மேட்ச் ஒரு கோல்கூட விடவில்லை. சேர்மக்கனி, நாற்பது மேட்ச்சும் ஒரு நிமிஷம்கூட வெளியே உட்காராமல் ஆடினான். கடைசி வரி, கொம்பையா, இருபத்து நாலு மேட்ச்சில் அறுபத்தொரு கார்டு, பதினாறு சிவப்பு.

மற்ற மூன்றையும் என்றைக்காவது எவனாவது முறியடித்துவிடலாம் சார். தொண்ணூற்று நாலை ஒருத்தன் தொண்ணூற்றைந்து ஆக்கலாம். என் வரியை முடியவே முடியாது. ஏனென்று கேளுங்கள். கார்டு வாங்க மைதானத்தில் இருக்க வேண்டும். இத்தனை கார்டு வாங்கினால் மைதானத்தில் இருக்க முடியாது. நானே பதினாறு மேட்ச் வெளியே உட்கார்ந்துதான் அறுபத்தொன்றைத் தொட்டிருக்கிறேன். இதை எபனேசரே விளக்கிச் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பூரிப்பு. ஊரே அந்த வரியை விரலை வைத்துப் படித்தது. கேஸ் சிலிண்டர் போடுகிறவன் வாசலில் நின்று, "அறுபத்தொண்ணு அண்ணே, சிலிண்டர்" என்கிறான். சிலிண்டரை நான் வாங்கிக்கொண்டேன். அவன் வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

சரி, அந்தப் பத்தைத் தூக்கினவன் யார்? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். அடிக்க வேண்டும் என்றில்லை. தெரிந்தால் போதும்.

முதலில் குருவையா. சாயங்காலம் பஸ் டெப்போவில் போய்ப் பார்த்தேன், அங்கே மெக்கானிக். பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தான். காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். "மாப்ள, என்ன விளையாட்டு" என்றான். சூட்டுக்கு எத்தனை தூக்கினாய் என்று பொறுமையாகக் கேட்டேன். பத்து என்றான், யோசிக்கக்கூட இல்லை. ஒருவேளை யோசித்திருந்தால் முன் பல் இரண்டும் இருந்திருக்கும். ஸ்பேனர் அவன் கையில்தான் சார் இருந்தது, அதை நான் அவன் கையிலிருந்து எடுத்தது பாதுகாப்புக்காக.

விஷயம் முடிந்தது என்று நேரே எபனேசர் கடைக்குப் போய்ச் சொன்னேன், ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன், அவன் நம்பரைக் கழித்துவிட்டு மற்ற இரண்டை வைத்து மறுபடி வகு என்று. எபனேசர் ஒரு தாளை எடுத்தான். என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு எழுதிக் காட்டினான். "அண்ணே, மூணு பேரு. மொத்தம் முப்பது. ஒருத்தர் ஒரு விரலு கம்மியாத் தூக்கியிருந்தாலும் முப்பது வராதுண்ணே."

நான் படித்தவன் இல்லை. ஆனால் முப்பதை மூன்றால் வகுக்கத் தெரியாத முட்டாளும் இல்லை. அன்றைக்குத்தான் உறைத்தது. மூன்று பேர். மூன்று பேரும் சேர்ந்து பேசி வைத்திருக்கிறார்கள். வேறு எப்படி சார் மூன்று பேருக்கு ஒரே நம்பர் வரும்? நீங்களே சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள், பரவாயில்லை.

பால்வண்ணன் வீட்டுக்கு மறுநாள் போனேன். அவன் கீப்பர், காலில் பேட் கட்டியே பழகினவன். அன்றைக்கு வேட்டியில் இருந்தான். "ஆமாடே, பத்துதான். எனக்குப் பதினொண்ணாவது விரலு இருந்திருந்தா அதையும் தூக்கியிருப்பேன்" என்றான், தைரியமாக. அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஸ்டிக்தான். இடது காலில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே. ஒன்றே ஒன்று. எலும்புக்கு ஒரு சத்தம் உண்டு சார், மைதானத்தில் கேட்டிருக்கிறேன், வீட்டுக்குள் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. அவன் பொண்டாட்டி என் காலில் விழுந்தாள். எழுந்திரும்மா என்று நானே தூக்கிவிட்டேன். என் குணம் அது.

மூன்றாவது, சேர்மக்கனி. முட்டை மொத்த வியாபாரம். கடைக்குள் நான் நுழைந்ததும் அவன் முட்டை அட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான், ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. நான் ஒரு கையால்தான் தள்ளினேன். நாலாயிரம் முட்டை இருக்கும். அந்தக் கொழகொழப்பில் அவனும் எழ முடியவில்லை, நானும் நிற்க முடியவில்லை, அவன் கழுத்தைப் பிடித்துத்தான் நின்றேன். அவன் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது.

"அண்ணே, நான் அந்த நேரம் உள்ளயே இல்லண்ணே. லாரிக்காரன் போன். வெளிய தெருவுல நின்னு பேசிக்கிட்டு இருந்தேன். உங்க வீட்டுக்கு எதுத்த கடைக்காரன கேளுங்க."

கையை எடுத்துவிட்டேன். எதிர்த்த கடைக்காரனைக் கேட்டேன். வாஸ்தவம்தான், தெருவில் நின்று போன் பேசியிருக்கிறான். அப்படியென்றால் மூன்றாவது கை யாருடையது?

டம்ளர் தட்டைக் கீழே வைக்கிற சத்தம். ஞாபகம் இருக்கிறதா சார்? எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எபனேசர்தான் கூப்பிட்டிருக்கிறான், ஒரு ஆள் குறைகிறது, அக்கா நீங்களும் தூக்குங்கள் என்று, சத்தம் வராமல், சைகையில்.

வீட்டுக்குப் போனேன். மேலெல்லாம் முட்டை. செண்பகம் அரிவாள்மனையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவே இல்லை சார். என்னைப் பார்த்தாள், நறுக்குவதை நிறுத்தினாள். அரிவாள்மனையை மடக்கித் தள்ளி வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"நான்தான். பத்தும் தூக்கினேன். கட்டுப் போட்ட விரலு ஒண்ணு மடங்கல, அது தானா நின்னுச்சி. மிச்சம் ஒம்பதும் நானாத்தான் தூக்கினேன்."

பாருங்கள், அவளே ஒப்புக்கொள்கிறாள். கட்டுப் போட்ட விரல் மடங்காது. மடங்காத விரல் எண்ணிக்கையில் சேருமா? சேராது. அது விரல் இல்லை, குச்சி. அதைக் கழித்தால் மொத்தம் இருபத்தொன்பது. எபனேசரிடம் பிறகு இதைச் சொன்னேன், ஒன்பது புள்ளி அறுபத்தாறு வருகிறது என்று அவனே ஒத்துக்கொண்டான். ஒரு விரலுக்குப் போட்ட கட்டால் எத்தனை கார்டு கூடுதலாக வந்திருக்கும், யாராவது யோசித்தார்களா?

அன்றைக்கு நானும் செண்பகமும் கொஞ்சம் பேசினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவை உடைக்கிற அளவுக்குப் பேசினோம். அதே விரலில் மறுபடியும் பட்டுவிட்டது. அந்த விரலுக்கு ராசி அப்படி.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் சாத்தூருக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நான் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆண்கள் நாலு பேர் வாசலில் நின்றிருந்தார்கள், அதனால் இல்லை, எனக்கே தடுக்கத் தோன்றவில்லை. படியிறங்கும்போது மட்டும் திரும்பிப் பார்த்தாள். கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. "அந்தக் கண்ணாடில ஒட்டியிருக்க தாளுல உங்க நம்பரு குறையட்டும். குறைஞ்ச அன்னைக்கு வாறேன்" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது சார். ஒரு வழி சொல்லிவிட்டுத்தானே போகிறாள்.

ஆனால் எபனேசர் என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணே, சாதனை குறையாதுண்ணே. ஒருத்தன் முறியடிச்சா மேல போகும், இல்லாட்டி அப்படியே நிக்கும். கீழ இறங்குறதுன்னு ஒண்ணு கிடையாது." இரண்டு மாசம் நயமாகச் சொல்லிப் பார்த்தேன். தினமும் சாயங்காலம் அவன் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். நான் உட்கார்ந்திருந்தால் ஜெராக்ஸ் எடுக்க ஆள் வருவதில்லை, அதற்கு நான் என்ன செய்ய. போன வாரத்தோடு அவன் என் முகம் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

இன்றைக்கு மத்தியானம் போனேன். பேப்பர் கட்டுகளை வெட்ட ஒரு கட்டர் வைத்திருப்பான், மேலிருந்து பிடியை இறக்கினால் ஐந்நூறு தாள் ஒரே வெட்டில் போகும். எபனேசருடைய வலது கையை எடுத்து அதில் வைத்தேன். வைத்தேன், அவ்வளவுதான். அழுத்தவில்லை. பிடியில் என் இன்னொரு கை இருந்தது, எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும். சுண்டு விரல் ஓரமாகக் கொஞ்சம் கிழிந்தது, அது அவன் அசைந்ததால். இடது கையாலேயே டைப் அடித்தான் சார். ஸ்கோர் எழுதினவன் கை, என்ன வேகம். பார்க்க ஆசையாக இருந்தது.

இதோ பாருங்கள். லேமினேஷன் போட்டு வாங்கிவிட்டேன். ஓரத்தில் இருக்கிற கறை உள்ளே மாட்டிக்கொண்டது, துடைத்தால் போகாது. நாலாவது வரியைப் படியுங்கள். சத்தமாகவே படிக்கலாம். கொம்பையா, நாற்பது மேட்ச், இரண்டு கார்டு. இரண்டு. சேர்மக்கனிக்கே மூன்று. கடைக் கண்ணாடியிலும் இதுதான் ஒட்டியிருக்கிறது, பழையதை நானே கிழித்துவிட்டேன். கண்ணாடியும் கொஞ்சம் உடைந்தது.

எங்கே எழுந்திருக்கிறீர்கள்? இது நள்ளி. சாத்தூர் இன்னும் வரவில்லை. உட்காருங்கள். உட்காருங்கள் என்கிறேன். என் கை உங்கள் தொடையில் இருக்கிறதா? கவனிக்கவில்லை.

ஒரு உதவி செய்யுங்கள் சார். நீங்கள் அந்நியர். குருவையா மாதிரி பொறாமை கிடையாது, பால்வண்ணன் மாதிரி திமிர் கிடையாது. முழுக் கதையையும் என் வாயால் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் போடுங்கள் என் நம்பரை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன், முறைப்படி. நீங்கள் சத்தமில்லாமல் விரலைத் தூக்குங்கள். எத்தனை வேண்டுமானாலும். நான் பார்க்க மாட்டேன். பார்த்தாலும் ஒன்றும் செய்ய மாட்டேன்.

திரும்பியாயிற்று.

தூக்கியாயிற்றா?

உள்ளே லைட் போட்டுவிட்டான், வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது, கண்ணாடியில் எல்லாம் தெரிகிறது சார், நான் வேண்டுமென்று பார்க்கவில்லை. இரண்டு கையையும் மடியில் இறுக்கி வைத்திருக்கிறீர்கள். பத்தும் மடங்கியிருக்கிறது. ஒன்றுகூட நிற்கவில்லை.

சைபர்.

நான் சொன்னேனா இல்லையா? முழுசாகக் கேட்டவன் யாரும் சைபர்தான் போடுவான். கேட்காதவன்தான் பத்து போடுகிறான். ஓரத்துக்கு நகர்கிறீர்களே, சீட் ஈரமா? ஜன்னலை மூடச் சொன்னபோதே அந்த ஆள் மூடியிருந்தால் இப்படி நனைந்திருக்க மாட்டீர்கள்.

வைப்பாற்றுப் பாலம் வந்துவிட்டது. பையை எடுத்துக் கொடுங்கள். இல்லை, ஸ்டிக் இருக்கிற பை. அவள் அண்ணன் வீடு ஸ்டாண்டிலிருந்து நாலு தெருதான், ஊன்றிக்கொண்டு போய்விடுவேன். தாளைக் காட்டுவேன். படிக்கத் தெரிந்தவள்தான். அப்புறம் நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, அவளையும் ஒரு தடவை தூக்கச் சொல்வேன். கட்டைப் பிரித்து ஒரு மாசமாவது ஆகியிருக்கும். இப்போது அந்த விரல் மடங்கும்.

மடங்காவிட்டால் நான் திரும்பி மடக்கிக்கொள்கிறேன்.